ஒரு மருந்து, ஒரு பாட்டு

செப்டம்பர் 5, 2022, திங்கள்

கல்லூரியில் ஒரு பருவம் விடுப்பு கிடைத்துவிட்டது. இன்று கீழ்த்திசை ஆய்வுக் கழகத்தின் சுவடி அறையில் சேர்ந்தேன். கழகத்தின் ஓலைச்சுவடிகளுக்கான விளக்க அட்டவணை, மூன்றாம் தொகுதி. 201 முதல் 290 வரை என் பொறுப்பு. ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, ஏடுகளை எண்ணி, நீள அகலம் அளந்து, முதல் வரியையும் கடைசி வரியையும் படியெடுத்து, சேதம் என்ன என்று எழுத வேண்டும். டிசம்பர் 16இல் வெளியீட்டு விழா. விழாவுக்கு மண்டபம் பிடித்த பிறகுதான் வேலை தொடங்கியிருக்கிறது.

அறையில் அருளப்பன் இன்னும் இருக்கிறார். ஏட்டுப் பராமரிப்பாளர். தூசி துடைப்பது, எண்ணெய் பூசுவது, கயிறு மாற்றுவது எல்லாம் அவர்தான். முப்பத்து மூன்று ஆண்டுகளாக அந்த வேலைக்கு வேறு ஆளே வந்ததில்லை. நான் உள்ளே நுழைந்ததும் என் கைகளைத்தான் பார்த்தார்.

"வளையலக் கழட்டிடுங்க மேடம். மோதிரமும். ஏடு கீறும்."

"தெரியும். நான் இங்கேதான் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தேன்."

"அப்பவும் கழட்டச் சொன்னேன். அப்பவும் இப்படித்தான் மொறைச்சீங்க."

இருபத்தைந்து ஆண்டுகள். மனிதருக்குத் தலை மட்டும் நரைத்திருக்கிறது.

செப்டம்பர் 8, வியாழன்

201 முதல் 206 வரை. இரண்டில் கரையான் தடம். மேல்தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. குழாய்க்காரர் நாளை வருவதாகச் சொன்னார். நம்பவில்லை.

செப்டம்பர் 19, திங்கள்

பழைய பதிவேட்டில் உள்ள கட்டுகளில் ஒன்பது அலமாரியில் இல்லை. எட்டுக்குக் காரணம் எழுதியிருக்கிறது: வெள்ளம், செல்லரிப்பு, யாருக்கோ இரவல். 239க்கு எதிரே 'காணவில்லை, 1995 தணிக்கை' என்று மட்டும். பொருள் 'பாடல்கள், பல'. ஏடுகளின் எண்ணிக்கைகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் தலைப்பு மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

கழகச் செயலாளர் கோதண்டபாணி ஐயாவிடம் கேட்டேன். எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற பேராசிரியர், என் ஆய்வேட்டைத் திருத்தியவர்.

"அதுவா? ஒரு வெள்ளைக்காரன் கோட்டுக்குள்ள வச்சு எடுத்துண்டு போயிட்டான்."

"பார்த்தவர்கள் யார்?"

"உமையாள், எல்லாத்துக்கும் சாட்சி கேட்டா எப்படி? மே மாசத்துல கோட்டுப் போட்டுண்டு வந்தான். வேற எதுக்கு?"

அருளப்பன் அப்போது அங்கே பஞ்சு கிழித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. பொதுவாக அந்தக் கோட்டுக் கதைக்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூசை. அலமாரிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். சுவடிக் கட்டுகளின் மரச்சட்டத்தில் பொட்டு வைக்கக் கூடாது என்று போன வாரமே எழுதி ஒட்டியிருந்தேன். அருளப்பன் அதற்குக் கட்டுப்பட்டு, ஒட்டிய தாளுக்குப் பொட்டு வைத்திருந்தார்.

"நீங்க கிறிஸ்தவர்தானே, உங்களுக்கு ஏன் இதெல்லாம்?" என்றேன்.

"இந்த ரூமுக்கு நான்தான மேடம் ஆளு. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

பொரியும் கடலையும் இரண்டு பொட்டலம் கொடுத்தார். நான் தனியாக இருப்பது தெரியும், ஆனாலும் இரண்டு. டிசம்பர் 31இல் ஓய்வு பெறுகிறார். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். மகள் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி நூலகர், அங்கே வந்துவிடச் சொல்கிறாளாம். எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை.

வளையல்களை வீட்டிலேயே விட்டுப் போகிறேன். கழற்றி மாட்டுவது நேர விரயம்.

அக்டோபர் 13, வியாழன்

இன்று 238. என் ஆய்வேட்டின் சுவடி. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் காரணமில்லாமல் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தேன்.

எண்பத்திரண்டு ஏடுகள். குழந்தை வைத்தியம். ஏட்டுக்கு ஒரு மருந்து, அதற்கு அடுத்த ஏட்டில் ஒரு பாட்டு, இறந்த பிள்ளைக்கு அழும் பாட்டு. பிறகு மருந்து, பிறகு பாட்டு. கடைசிவரை அப்படியே. எல்லாம் ஒரே கையெழுத்து. இடது ஓரத்தில் ஏட்டெண் இருக்க வேண்டிய இடத்தை எலி தின்றுவிட்டது. 'மூன்றாம் மாதத்து மாந்தத்துக்கு வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்கத் தேறும்' என்று ஓர் ஏடு. அடுத்ததில், 'பால் ஊட்டின சங்கு காயலையே, படுத்த பாய் ஈரம் ஆறலையே'.

ஒரு வைத்தியர் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போய், தன் நூலைத் தானே இப்படிக் குறுக்கே அறுத்திருக்கிறார் என்பதுதான் என் வாதம். இருபத்தெட்டு வயதில் எழுதியது. அதன்பிறகு நான் அவ்வளவு துணிச்சலாக எதையும் எழுதவில்லை. மாணவர்களிடம் 'ஆதாரம் எங்கே' என்று கேட்டே காலம் போய்விட்டது.

கோதண்டபாணி ஐயா எட்டிப் பார்த்தார். "விழாவுக்கு இதைத்தான் கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறோம். நீ அஞ்சு நிமிஷம் பேசணும். 'எழுதியவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் இப்படி அடுக்கியவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்.' உன் வரிதான். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

கூச்சமாக இருந்தது. பிடிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 17, திங்கள்

சிலிண்டர் வந்தது. 244.

அக்டோபர் 27, வியாழன்

சேதம் என்ற கட்டத்துக்காக 238இன் பூச்சித் துளைகளைக் குறிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு விட்டுப்போன வேலை. முன்பு நான் இதைச் செய்ததே இல்லை. எழுத்தைப் படித்தேன், ஓட்டையைப் பார்க்கவில்லை.

பூச்சி ஏட்டைப் படிப்பதில்லை. ஒரு பக்கம் நுழைந்தால் நேராகத் துளைத்துக்கொண்டே போகும். ஆகவே அடுத்தடுத்த ஏடுகளில் துளை ஒரே இடத்தில் இருக்கும். பதினான்காம் ஏட்டில் வலது ஓரம் ஒரு துளை. பதினைந்தில் இல்லை. பதினாறில் அதே இடத்தில் இருக்கிறது.

தலைவலி. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 28, வெள்ளி

எண்பத்திரண்டையும் பார்த்துவிட்டேன். மருந்து ஏடுகளின் துளைகள் மருந்து ஏடுகளோடு மட்டும் பொருந்துகின்றன. பாட்டு ஏடுகளின் துளைகள் பாட்டு ஏடுகளோடு. அந்தப் பூச்சிகள் தின்றபோது இவை இரண்டு தனிக் கட்டுகள். நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றும். பின்னால் யாரோ ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கோத்திருக்கிறார்கள்.

239 எங்கும் போகவில்லை. 'பாடல்கள், பல.'

நான் இங்கே முதலில் வந்தது 1997இல். தணிக்கை 1995இல். இந்த அறையில் கயிறு கோக்கும் கை ஒன்றே ஒன்றுதான்.

அக்டோபர் 31, திங்கள்

கழகத்துக்குப் போகவில்லை. ஆய்வேட்டை எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள் அந்த இருபத்தெட்டு வயதுப் பெண்.

நவம்பர் 3, வியாழன்

மதியத்துக்கு மேல் 238ஐ மேசையில் விரித்து அவரை அழைத்தேன்.

"இதப் பாருங்க. பதினாலுல ஓட்டை இருக்கு. பதினஞ்சுல இல்ல. பதினாறுல அதே இடத்துல இருக்கு."

அவர் ஏட்டைப் பார்க்கவில்லை. காய்ந்திருந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பக் கேப்பீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன் மேடம். இருபத்தஞ்சு வருசமா."

"239 எங்க?"

"இதுலயேதான் இருக்கு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். 1995 ஆகஸ்டு. எண்ணெய் பூசுவதற்காக இரண்டு கட்டுகளையும் சேர்த்து அவிழ்த்திருக்கிறார். இரண்டும் ஒரே அளவு, ஒரே ஆள் எழுதியவை.

"எம் பையன், பெரியவனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிச்சு மறுநாள்தான் வேலைக்கு வந்தேன். நாலு வயசு. மூளைக்காய்ச்சல். அதுவரைக்கும் நான் ஏட்டத் தொடைப்பேன், படிக்க மாட்டேன். நமக்கு எதுக்குன்னு. அன்னிக்கு என்னமோ படிச்சேன். நாப்பத்தோரு மருந்து மேடம், வரிசையா. இதக் குடு தேறும், அதக் குடு தேறும்னு. எழுதி வச்சவன் மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு எனக்கு. பக்கத்துல இந்தப் பாட்டுக் கட்டு கெடந்துச்சு. ஒரு மருந்து மேல ஒரு பாட்ட வச்சேன். அடுத்தது மேல அடுத்தது. கடேசில கயித்தக் கோத்துட்டேன்."

பதினைந்தாம் ஏட்டை எடுத்துப் பதினான்கின் மேல் வைத்தேன்.

"ரெண்டு நாள்ல பிரிச்சிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள தணிக்கை வந்துடுச்சு. 239 காணோம்னு எழுதிட்டாங்க. பயந்துட்டேன். அப்புறம் நீங்க வந்து உக்காந்துட்டீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் மேடம். ரெண்டு தரம். அடுக்கு சரியான்னு ஒரு தபா பாத்துக்கோங்கன்னேன். 'அருளப்பன், உங்க வேலை எண்ணெய் போடுறது'ன்னுட்டீங்க."

அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேன். அந்தக் குரல் என்னிடம் உண்டு.

"அப்பால ஒரு நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதீங்க. இந்த ரூமுல தும்முனவங்களப் பாத்திருக்கேன், தூங்குனவங்களப் பாத்திருக்கேன். அழுதவங்க நீங்க ஒருத்தர்தான். அதுக்கு மேல எப்படி மேடம் சொல்றது?"

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏடுகளை இருந்த வரிசையிலேயே திரும்பக் கட்டினார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டார். "அட்டவணையில என் பேரு வருமா? எம் பொண்ணு லைப்ரரிக்கு வரும் மேடம் அது. அப்பன் ஏட்டக் கலைச்சு வச்சவன்னு அவ படிக்கிற மாதிரி ஆயிடும். அதான்."

நவம்பர் 4, வெள்ளி

ரவையில் வண்டு. சலித்து மொட்டைமாடியில் காயவைத்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 10, வியாழன்

கோதண்டபாணி ஐயாவிடம் சொன்னேன். துளைகளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவர் பழைய ஆள், விளக்க வேண்டிய தேவையே இல்லை.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. பூச்சிக்கு."

"சிரிக்க வைக்காதே. அழைப்பிதழ் அடிச்சாச்சு. அட்டையில 238இன் படம். இந்தத் தொகுதியில இப்படியே போகட்டும். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

"அடுத்த பதிப்பு எப்போ?"

இரண்டாம் தொகுதி வந்தது 1964இல். அவருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூக்குப்பொடி டப்பாவைத் தேடுவதுபோல் பாவனை செய்தார். பொடியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

"உன் ஆய்வேடு என்ன ஆகும், உமையாள்?"

"பட்டத்தை யாரும் வந்து பிடுங்க மாட்டார்கள் ஐயா. வாதம் போய்விட்டது, அவ்வளவுதான்."

"நான் அந்த வரியை எத்தனை பேர்கிட்ட..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். என்னைவிட அவருக்குத்தான் வலித்தது. பிறகு, "யார் கோத்தது?" என்றார்.

"எழுதும்போது சொல்கிறேன்."

நவம்பர் 15, செவ்வாய்

பதிவைப் பலமுறை எழுதி அடித்தேன். 'பராமரிப்பின்போது தவறாகக் கோக்கப்பட்டது.' பெயர் இல்லை. ஆனால் 1989 முதல் இன்றுவரை பராமரித்தவர் ஒரே ஒருவர். பெயரைப் போடாவிட்டாலும் அது அவர் பெயர்தான்.

எதுவும் எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அவர் 31ஆம் தேதி போய்விடுவார். நான் கல்லூரிக்குப் போய்விடுவேன். இன்னொருத்தி வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுவிட்டு, இதன் மேல் மேலும் முந்நூறு பக்கம் எழுதுவாள். அதைச் செய்ய முடியாது.

நவம்பர் 21, திங்கள்

இன்று பிரித்தோம். அதற்கு முன் எண்பத்திரண்டு ஏடுகளையும் இப்போது இருக்கும் வரிசையிலேயே, இரு பக்கமும், படம் எடுக்க வேண்டும் என்றேன்.

"தப்பா இருக்கிற வரிசைய எதுக்கு மேடம் படம் புடிக்கிறீங்க?"

"இருபத்தேழு வருஷம் இப்படி இருந்திருக்கு. இருந்தது இருந்ததுதானே."

அவர் ஏட்டை எடுத்துவைக்க, நான் படம் எடுத்தேன். மதியம் அவர் டப்பாவில் சங்கரா மீன் இருந்தது. வெளி வராந்தாவில் சாப்பிட்டோம். பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவச் சொல்லி நின்று பார்த்தார்.

கயிற்றை உருவச் சொன்னேன். "நீங்க உருவுங்க மேடம்" என்றார். "கோத்தது நீங்க" என்றேன். உருவினார். மருந்து இந்தப் பக்கம், பாட்டு அந்தப் பக்கம். மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது.

தனியாகப் படித்தால் மருந்து ஏடுகள் நாட்டு மருந்துக் கடைச் சீட்டு போல இருக்கின்றன. பாட்டுகளும் எந்த ஊரிலும் அழும் பாட்டுகள்தான். இரண்டில் எதுவும் தனியாக என்னை அழவைத்திருக்காது.

டிசம்பர் 9, வெள்ளி

அச்சகத்துக்குப் போகும் கடைசி நாள். 238, குழந்தை வைத்தியம், 41 ஏடு. 239, ஒப்பாரிப் பாடல்கள், 41 ஏடு. 'காணவில்லை' என்ற பழைய குறிப்பு நீக்கப்படுகிறது. இவை இரண்டிலும் யாருடைய பெயரும் இல்லை.

அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு பதிவு சேர்த்தேன்:

'238–239. கோவை. 82 ஏடு, படவடிவில். பொருள்: குழந்தை மருந்தும் இழப்புப் பாடலும் ஒன்றுவிட்டு ஒன்றாக. தொகுத்தவர்: அ. அருளப்பன், கழகச் சுவடி அறை. காலம்: ஆகஸ்டு 1995. குறிப்பு: இக்கோவையைப் பதினெட்டாம் நூற்றாண்டினது எனக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வேடு (உமையாள், 2001), காலத்தைப் பொறுத்தவரை பிழை.'

அச்சகத்துக்கு அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவதாகச் சொன்னேன். எழுத்துக்கூட்டுவதுபோல் மூன்று முறை படித்தார்.

"தொகுத்தவர்னு போட்டிருக்கீங்க. கலைச்சவர்னுதான வரணும்?"

"ஒரு ஏடும் தொலையல. ஒரு எழுத்தும் மாறல. எதுக்குப் பின்னால எது வரணும்னு முடிவு பண்றவரைத் தொகுத்தவர்னுதான் சொல்லணும். வகுப்புல அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்."

"இந்தக் கடேசி வரி? உங்கள நீங்களே தப்புன்னு எழுதியிருக்கீங்க?"

"முழுசா இல்ல. நல்லாப் படிங்க."

நான்காவது முறை படித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். எண்ணெய்ச் சீசாவை எடுப்பதற்காக இருக்கலாம். நான் அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சற்றுப் பொறுத்து, "பொண்ணுகிட்ட காட்டலாமா மேடம்?" என்றார்.

"காட்டுங்க."

டிசம்பர் 16, வெள்ளி

விழா. அறுபது பேர். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கட்டுகள், தனித்தனியாக. அட்டைப் படத்தை மாற்ற முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: துளைகள், என் பிழை, கோவை. முன்வரிசையில் ஓர் இளம் ஆசிரியை, "உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டாள். "பூச்சியிடம் தோற்றதில் வருத்தம் இல்லை" என்றேன். சிரித்தார்கள்.

கோதண்டபாணி ஐயா எழுந்து, கோட்டுப் போட்ட அந்த வெள்ளைக்காரரிடம் கழகத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு, கைத்தட்டல் ஓயும் முன்பே, என் பழைய வரியைச் சொல்லி, "அது சரியாத்தான் இருக்கு" என்று முடித்தார். அருளப்பன் கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருந்தார். பக்கத்தில் அவர் மகள். அட்டவணையை மடியில் விரித்து, ஒரு பக்கத்தில் விரல் வைத்திருந்தாள்.

டிசம்பர் 30, வெள்ளி

நாளை சனி என்பதால் அவருக்கு இன்றே கடைசி நாள். சால்வை, மாலை, மைசூர்பாகு. எல்லோரும் போன பிறகு எந்தச் சாவி எதற்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் மார்ச் வரை இருக்கிறேன். நான்காம் தொகுதிக்கான முன்வேலை. விடுப்பை நீட்டிக்க எழுதியிருக்கிறேன். அவருக்கும் கழகம் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும். கோயமுத்தூர் பொங்கலுக்கு மட்டும்தானாம். ஞாயிற்றுக்கிழமை இராயபுரத்தில் தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். வருகிறேன் என்றேன்.

மேல்தட்டுச் சாவியைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பெரியவன் பேர் என்ன?"

சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பெலிக்ஸ்" என்றார். "இங்க யாரும் கேட்டதில்ல மேடம்." பிறகு, மேல்தட்டைத் திறந்தால் மழை நாளில் உடனே மூடிவிட வேண்டும், ஓதம் ஏறும் என்று தொடர்ந்தார்.

அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பெலிக்ஸ். 1991–1995.